வானொலி டாக்டர் வீட்டு நாய்க்குட்டி

மந்துவி மறுபடியும் விக்கியது.

"பாருங்க, காலையிலேருந்து இதே வேலை," என்றாள் சுனில்டா. "வயித்தப் பாத்தீங்களா? தர்பூசணி மாதிரி இருக்கு. ஆனா முதுகைத் தடவினா எலும்பு கையில குத்துது."

பாசிலியோ கொம்புக் குவளையிலிருந்து குளிர்ந்த தெரெரே மூலிகைத் தேநீரை ஓர் இழுப்பு உறிஞ்சிவிட்டு, மாமரத்தடியில் கிடந்த நாய்க்குட்டியை எட்டிப் பார்த்தார்.

"வயிறு உருண்டையா இருந்தா நல்லா சாப்பிடுதுன்னு அர்த்தம்."

"வச்ச சோறு வச்சபடி இருக்கு."

"அப்ப நேத்து நல்லா சாப்பிட்டிருக்கும்."

சுனில்டா அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பழக்கமான பார்வை அது.

இரண்டு மாதக் குட்டி. போன வாரம் சுனில்டாவின் தங்கை கொண்டுவந்து கொடுத்தது. வேர்க்கடலைத் தோலின் நிறம். அவர்கள் ஊரில் பேசும் குவரானி மொழியில் மந்துவி என்றால் வேர்க்கடலைதான். வந்த அன்று பாசிலியோவின் செருப்பில் ஒன்றைக் கடித்து முடித்துவிட்டு, மற்றொன்றைத் தலையணையாக வைத்துக்கொண்டு தூங்கியது. அன்றைக்கு அதற்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு மூன்று நாளாகத்தான் இப்படி. ஓடுவதில்லை. வாலை ஆட்டுவதற்குக்கூட யோசிக்கிறது. மினுமினுவென்றிருந்த முடி பழைய துடைப்பம்போல் நிற்கிறது.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்," என்றாள் சுனில்டா.

பாசிலியோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு, நானா? என் நாய்க்குட்டியத் தூக்கிக்கிட்டு நான் இன்னொருத்தர் வாசல்ல போய் நிக்கணுமா? ஊர் என்ன சொல்லும்?"

ஊர் அவரைத்தான் டாக்டர் என்று அழைத்தது. யாகுவாரோன் ஊர் வானொலியில் தினமும் காலையில் 'கால்நடை நேரம்' நடத்துபவர் அவர். உண்மையில் மாட்டுத் தீவனம் விற்றுக்கொண்டிருந்தவர். தீவன விளம்பரத்துக்காகக் குரல் கொடுக்கப் போன இடத்தில், நிகழ்ச்சி நடத்திவந்த நிஜ மருத்துவர் வேலை மாற்றலில் தலைநகர் அசுன்சியோனுக்குப் போய்விட, "ஒரு வாரத்துக்கு மட்டும் சமாளிங்க" என்று கெஞ்சி உட்கார வைத்தார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. மழைக்கு முன் வரும் இடிபோல ஆழமான குரல் அவருக்கு. அந்தக் குரலில் "உப்பு கொடுங்கள்" என்றால் உப்பே மருந்துபோலத் தோன்றும். நிலையத்து மூலையில் கிடந்த பழைய விவசாயப் பத்திரிகைகளும் சொந்த யூகமும்தான் அவருடைய படிப்பு. தான் டாக்டர் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

"இது வாயு," என்று தீர்ப்பளித்தார். "புதினாக் கஷாயம் ரெண்டு கரண்டி. சாயங்காலம் பாரு, குதிரை மாதிரி ஓடும்."

சாயங்காலம் மந்துவி ஓடவில்லை. வாந்தி எடுத்தது. கஷாயம் முழுவதும் வெளியே வந்தது, எப்போது தின்றதென்றே தெரியாத கொஞ்சம் சோற்றோடு.

"கெட்டது எல்லாம் வெளிய வந்துடுச்சு. இனி தெம்பு வேணும்," என்றார் பாசிலியோ. தானே பக்கத்து வீட்டுக்குப் போய், அப்போதுதான் கறந்த பசும்பால் வாங்கி வந்தார். மந்துவி முதலில் முகர்ந்தது. பிறகு நக்கியது. பிறகு கிண்ணத்தையே கவிழ்த்து மிச்சத்தையும் தேடியது.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம்.

மறுநாள் விடிந்ததும் வீட்டில் ஒரு தரைவிரிப்பும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் சுனில்டா துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள்.

"பேதி," என்றாள் சுருக்கமாக. "உங்க தெம்பு எல்லாம் கொடியில காயுது."

"நான் நிலையத்துக்குக் கிளம்பறேன். நேரமாச்சு."

"நாய்க்குட்டி?"

"வந்து பாக்கறேன்."

அன்று நிகழ்ச்சி வழக்கம்போல ஆரம்பித்தது. பாசிலியோ முதலில் ஒருவரின் பன்றிக்கும், அடுத்து ஒரு சண்டைச் சேவலுக்கும் வழி சொல்லி முடித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளன் அர்னால்டோ கட்டைவிரலை உயர்த்தினான். அடுத்த அழைப்பு.

"வணக்கம், கால்நடை நேரம். யார் பேசறது?"

"ஒரு அம்மா."

பாசிலியோ காதுக்கருவியை அழுத்திப் பிடித்தார். அந்தக் குரலோடுதான் அவர் காலையில் காபி குடித்தார்.

"எ... எந்த ஊரும்மா?"

"உங்க ஊருதான்."

"சொல்லுங்க. மாடா, பன்றியா?"

"கழுதை."

"கழுதைக்கு என்ன பிரச்சினை?"

"கழுதைக்கு ஒண்ணுமில்ல, அது நல்லா பேசிட்டிருக்கு. நாய்க்குட்டிக்குத்தான் உடம்பு சரியில்ல."

அர்னால்டோ மேசைக்கு அடியில் குனிந்தான். எதையோ தேடுவதுபோல் இருந்தது. அவன் தோள்கள் மட்டும் குலுங்கின.

"வயிறு உப்பியிருந்துச்சு, விக்கல் வேற," என்று சுனில்டா தொடர்ந்தாள். "வீட்டுக்காரர் புதினாக் கஷாயம் கொடுத்தாரு. வாந்தி. பசும்பால் கொடுத்தாரு. பேதி. இப்ப ஈறெல்லாம் வெளுத்துக் கிடக்கு. தண்ணியக்கூட திரும்பிப் பாக்கல."

"உங்க வீட்டுக்காரர் நல்ல எண்ணத்துலதான் அம்மா..."

"நல்ல எண்ணத்த வச்சு நாக்கா வழிக்கறது? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணுமா, வேணாமா? ஊரே கேக்குது, அத மட்டும் சொல்லுங்க."

போகணும் என்றால் மாட்டிக்கொள்வார். வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போக முடியாது. பாசிலியோ கையில் அகப்பட்ட பத்திரிகையைப் பரபரவென்று புரட்டினார். வெளுப்பு, ரத்தம், இரும்புச் சத்து என்று ஒரு பக்கம் கண்ணில் பட்டது. மனிதர்களுக்கான பக்கமா, மாட்டுக்கான பக்கமா என்று பார்க்க நேரமில்லை.

"ஈறு வெளுப்பு என்றால் ரத்தக் குறைவு," என்று இடி முழங்கியது. "பீட்ரூட் சாறு கொடுங்கள். நாளையே ஈறு ரோஜாப்பூவாக மாறும்."

மறுமுனையில் டொக்கென்று போனை வைக்கும் ஓசை.

அவர் வீட்டுக்கு வந்தபோது சுனில்டா இல்லை. தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மந்துவி மாமரத்தடியில் அதே இடத்தில் கிடந்தது. பாசிலியோ பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பாதி அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. பாதி உள்ளே போனது. கசாப்புக் கடைக்காரர்போல் இருந்தாலும் கடமையைச் செய்த நிம்மதி. சட்டையை மாற்றிக்கொண்டு மதியத் தூக்கம் போட்டார்.

கண் விழித்து முற்றத்துக்கு வந்தவர் அப்படியே நின்றார். மந்துவியின் வாலுக்குப் பின்னால் தரை சிவந்திருந்தது.

"சுனில்டா! ரத்தம்! ரத்தமா போகுது!"

அவள் வீட்டில் இல்லை என்பது அவருக்கு நினைவில்லை. பீட்ரூட்டும் நினைவில்லை. நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று. போன மாதம், பின்னணியில் சோகமான கிட்டார் ஒலிக்க, குட்டிகளைக் கொல்லும் குடல் நோயைப் பற்றி அவர் வாசித்த பகுதி. 'குட்டியின் மலத்தில் ரத்தம் கண்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.' தன் குரலைக் கேட்டு அவர் பயந்தது அன்றுதான்.

குனிந்து தூக்கினார். குட்டி துணிபோலத் தொங்கியது. அவர் முகத்தைப் பார்த்ததும் வாலை ஆட்டப் பார்த்தது. வாலின் நுனி மட்டும் ஒருமுறை அசைந்து நின்றுவிட்டது.

பாசிலியோவுக்குக் கண் கலங்கியது. செருப்புக்காக அன்று இதைத் திட்டினோமே என்று இருந்தது. மீதியிருக்கிற செருப்பையும் தின்னட்டும், எழுந்து நின்றால் போதும்.

சுனில்டா உள்ளே நுழைந்தாள். பார்த்தாள். நேரே அவரிடம் வந்தாள்.

"பக்கத்து ஊர் பராகுவாரியில டாக்டர் எல்வா இருக்காங்களாம். தங்கச்சி சொன்னா. நான் தூக்கிட்டுப் போறேன்."

"நான் போறேன்," என்றார் பாசிலியோ. "ஆனா யாருக்கும் தெரியக்கூடாது."

"உயிர் போற நேரத்துலயுமா?"

"பராகுவாரியில என்னை யாருக்கும் தெரியாது. பஸ்ஸுலதான் நம்ம ஊர் ஆளுங்க இருப்பாங்க."

கறுப்புக் கண்ணாடி, வைக்கோல் தொப்பி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. குட்டிக்கு? வீட்டில் ஒரு பழைய சிப்பாக் கூடை இருந்தது. பாலாடைக்கட்டியும் மரவள்ளி மாவும் பிசைந்து சுடும் அந்த வளைய ரொட்டியை பஸ்ஸில் விற்பவர்கள் வைத்திருப்பார்களே, அதே மாதிரிக் கூடை. சுனில்டா அதில் பழைய போர்வையை விரித்து மந்துவியைப் படுக்க வைத்தாள். பாசிலியோ மேலே வெள்ளைத் துணியை மூடினார். காற்றுக்கு ஒரு பக்கம் திறந்து வைத்தார். யாருக்கும் சந்தேகம் வராது.

பஸ்ஸில் ஏறியதும் முதல் வரிசையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"ஐயா, மூணு குடுங்க."

"என்னது?"

"சிப்பாதான். சூடா இருக்கா?"

"இல்லைங்க, உடம்பெல்லாம் ஜில்லுனு கிடக்கு," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆறிப்போச்சா? பரவாயில்ல. குழந்தை அழுவுது, ஒண்ணு குடுங்க."

"இது விக்கறதுக்கு இல்லைங்க."

"கூடை நிறைய வச்சுக்கிட்டு விக்கறதுக்கு இல்லையா? என்னய்யா வியாபாரம் இது?"

பின்னாலிருந்து இன்னொரு அம்மாள் துணியைத் தூக்கக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து கூடை விக்கியது.

பஸ்ஸில் எல்லாத் தலையும் கூடைப் பக்கம் திரும்பியது.

"ஈஸ்ட் கொஞ்சம் அதிகமாயிடுச்சு," என்றார் பாசிலியோ, துண்டுக்குள்ளிருந்து கரகரத்த குரலில். அதற்குப் பிறகு யாரும் சிப்பா கேட்கவில்லை. அவர் பக்கத்து இருக்கையும் காலியாகவே வந்தது.

டாக்டர் எல்வாவின் மருத்துவமனைக் கதவைத் தள்ளித் திறந்த பாசிலியோவுக்கு, திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. பாதி யாகுவாரோன் அங்கே உட்கார்ந்திருந்தது. வெள்ளாட்டுக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு செவெரியானா அக்கா. ஒரு கண் வீங்கிய பூனையோடு தையல்காரர் எமெத்தேரியோ. கோழியோடு ஒருவர், கன்றுக்கு மருந்து வாங்க வந்த இன்னொருவர். எல்லாரும் தினமும் அவருக்குத் தெருவில் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்பவர்கள். சுவரில் இருந்த வானொலியில் அவரே பேசிக்கொண்டிருந்தார். காலை நிகழ்ச்சியின் மறு ஒலிபரப்பு.

"கழுதைக்கு ஒண்ணுமில்ல, அது நல்லா பேசிட்டிருக்கு," என்றது வானொலி. கூடமே சிரித்தது. பாசிலியோ மூலை நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"பாவம் அந்தப் பொம்பள," என்றாள் செவெரியானா அக்கா. "எப்படிப்பட்ட புருஷன் வாய்ச்சிருக்கானோ."

"ஷ்ஷ், டாக்டர் சொல்றாரு," என்று அதட்டினார் எமெத்தேரியோ. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"பீட்ரூட் சாறு கொடுங்கள்," என்று வானொலி முழங்கியது.

"பீட்ரூட்," என்று முணுமுணுத்துக்கொண்டார் கோழிக்காரர், மனப்பாடம் செய்வதுபோல.

இவ்வளவு நம்பிக்கையா! பாசிலியோவுக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிடமே மடியிலிருந்த கூடையின் எடை தெரிந்தது. இந்த ஜனங்களுக்கு உண்மை தெரிந்தால் என்ன ஆகும்? அவர் வாய்வார்த்தையை நம்பி எத்தனை மாடு, எத்தனை கன்று!

டாக்டர் எல்வா சின்ன உருவம், வேகமான கை. பாசிலியோ துணியை விலக்கியதும் குட்டியைத் தூக்கி மேசையில் போட்டார். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டார். கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கினார். அது சட்டென்று படியாமல் கூடாரம்போல் நின்று, மெல்ல மெல்ல இறங்கியது.

"பாத்தீங்களா? உடம்புல தண்ணியே இல்ல. எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா," என்றார் பாசிலியோ கரகரத்த குரலில்.

"என்ன கொடுத்தீங்க?"

"புதினாக் கஷாயம்."

"ம்."

"பசும்பால்."

"ம்ம்."

"அப்புறம்... அதெல்லாம் விடுங்க டாக்டர், ரத்தமா போகுது! அந்தக் குடல் நோய்தானே? பொழைக்குமா?"

டாக்டர் எல்வா குட்டியின் வாலடியில் பஞ்சை வைத்து எடுத்தார். பார்த்தார். முகர்ந்தார். பாசிலியோவின் கையைப் பிடித்து நகங்களையும் பார்த்தார். எல்லாம் ஒரே சிவப்பு.

"இது பீட்ரூட்."

பாசிலியோ நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"இருந்தாலும் சோதனை பண்ணிடலாம்," என்று டாக்டர் எல்வா உள்ளே போனார். மந்துவியும் பாசிலியோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். குட்டியின் காதுக்குப் பின்னால் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

"அந்த நோய் இல்ல," என்று டாக்டர் எல்வா திரும்பி வந்து சொன்னார். "வயித்துல புழு. கூடை கூடையா. தாய்கிட்டேருந்தே வந்திருக்கும். உடம்பு இளைச்சு வயிறு மட்டும் உப்பினா, முடி மங்கினா, முதல்ல புழுவைத்தான் நினைக்கணும். சாதாரண விஷயம். ஆனா வாந்தி, பேதின்னு தண்ணி வத்திப் போறதுதான் ஆபத்து. இந்த வயசுக் குட்டிக்கு ஒரு ராத்திரி தாங்காது. நல்லவேளை கொண்டுவந்தீங்க."

தோலுக்கடியில் ஊசி போட்டு உப்புநீர் ஏற்றினார்கள். குட்டியின் தோளில் ஒரு சின்னத் திமில் எழும்பியது. பாசிலியோ அது கரையும்வரை பக்கத்திலேயே நின்றார். நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் மந்துவி தலையைத் தூக்கியது. நின்றது, தள்ளாடியது, மறுபடி நின்றது. அவர் சட்டைப் பொத்தானை எட்டிக் கடித்தது.

"பொத்தானைத் தின்னுது டாக்டர்!" என்று கத்தினார், சொந்தக் குரலில். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

"ரொம்ப நல்ல குரல் உங்களுக்கு," என்றார் டாக்டர் எல்வா, மருந்தைக் கொடுத்துக்கொண்டே.

அந்தக் குரல் வெளிக்கூடம்வரை கேட்டிருந்தது. பாசிலியோ குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"டாக்டர் பாசிலியோ!" என்றாள் செவெரியானா அக்கா. "நான் அப்பவே நினைச்சேன்."

ஒளிந்து பயனில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"என்னை டாக்டர்னு கூப்பிடாதீங்க அக்கா. நான் தீவனம் வித்தவன். பத்திரிகையப் பாத்துப் படிக்கறவன். காலையில பேசின அந்தப் பொம்பளையோட புருஷன் நான்தான். இந்தக் குட்டிய நானே கொன்னிருப்பேன்." குட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நாளையோட நிகழ்ச்சிய நிறுத்திடறேன்."

கூடம் கொதித்தது.

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க!" என்று எமெத்தேரியோ பூனையோடு முன்னால் வந்தார்.

"நிறுத்தினா எங்க கதி என்ன ஆகறது?" என்றார் கோழிக்காரர்.

பாசிலியோ எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்ச பிறகும் என்மேல இத்தனை நம்பிக்கையா உங்களுக்கு?"

செவெரியானா அக்கா ஆட்டுக்குட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அவர் தோளை ஆதரவாகத் தட்டினாள்.

"நம்பிக்கை இல்லாமலா ஒரு நாள் விடாம கேக்கறோம்? எதையெல்லாம் செய்யக்கூடாதுன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா டாக்டர்?"